மோப்பப் புல்

ஒரு புல்லுக்காகத் தன் ஞாயிற்றுக்கிழமை பாழாகும் என்று ரேணுகாதேவி கனவிலும் நினைத்ததில்லை.

அவள் ஹரிதா நிவாஸ் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஆசைப்பட்டு அடைந்த பதவி அல்ல. ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனாள். நாற்காலியில் உட்காருவதற்குள் அவளைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள். அன்றிலிருந்து லிஃப்ட் நின்றால் அவளுக்குப் போன், தண்ணீர் கலங்கினால் அவளுக்குப் போன், ஒன்பதாவது மாடி நாய் குரைத்தால் எட்டாவது மாடியிலிருந்து அவளுக்குப் போன். இப்போது புல்.

கட்டடங்களுக்கு நடுவே இருந்த பெரிய புல்வெளிதான் ஹரிதா நிவாஸின் பெருமை. விளம்பரப் படத்தில் அதுதான் முதலில் வரும். ஆடிக் காற்றுக்குப் பிறகு அதில் புதிதாக ஒரு புல் முளைத்திருந்தது. அருகம்புல்லைவிட இலை கொஞ்சம் அகலம். முளைத்தால் முளைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது சில இடங்களில் மட்டும் சிவந்தது. ஓரிடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, இன்னோரிடத்தில் சைக்கிள் சக்கரம் அளவுக்கு, யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டுப் போனாற்போல.

எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரணைக் காப்புக்காடு. ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் குண்டு வீசிப் பழகிய மைதானம். அவர்கள் காலிசெய்துவிட்டுப் போன பிறகு மரமும் முள்ளும் வளர்ந்து, பறவைகள் வந்து, அரசாங்கம் வேலி போட்டுக் காப்புக்காடு என்று அறிவித்தது. வெடிக்காமல் மண்ணுக்குள் கிடக்கும் குண்டுகளைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி அங்கே விதைத்த புல் அது. மண்ணில் கசியும் வெடிமருந்தை வேர் உறிஞ்சினால் இலை சிவக்கும். பத்திரிகைகள் அதற்கு மோப்பப் புல் என்று பெயர் வைத்தன.

“அங்க மருந்தைக் குடிச்ச புல்லோட விதை, காத்துல வந்து இங்க விழுந்து சிவக்குது. அவ்வளவுதான் விஷயம்” என்றார் சங்கத் தலைவர் சடகோபன். இன்ஷூரன்ஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரே வாக்கியத்தில் மூடிவிடுவார். “நீங்க நேர்ல போய் ஒரு புகார் கொடுத்துட்டு வந்துருங்கம்மா. வாடகைக்குப் பார்க்க வர்றவன் அந்தச் சிவப்பைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போறான்.”

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேணுகா காப்புக்காட்டு வாசலில் நின்றாள்.

“இந்தக் காட்டுக்குப் பொறுப்பான டாக்டர் பெனாசிரைப் பார்க்கணும்.”

“டிக்கெட் மேடம்?” என்றாள் வாசலில் இருந்த பெண் காவலர்.

“நான் சுத்திப் பார்க்க வரலம்மா. புகார் கொடுக்க வந்திருக்கேன்.”

“புகார் கொடுக்கிறவங்களும் டிக்கெட் எடுக்கணும் மேடம். போன்லதான் எடுக்க முடியும். இங்க சிக்னல் வராது. அந்தப் புளியமரத்துக்கிட்ட போய் நின்னீங்கன்னா வரும்.”

புளியமரத்தடியில் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து டிக்கெட் எடுத்தாள். எடுத்துக்கொண்டு வந்தால், பாதுகாப்புப் படம் பார்க்காமல் உள்ளே போகக் கூடாது என்றார்கள். படம் பார்த்தாள். கயிறு கட்டிய பாதையை விட்டு இறங்கக் கூடாது, தரையில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக் கூடாது என்று அதில் ஒரு முயல் பொம்மை பாட்டுப் பாடியது. முடிந்து வெளியே வந்தால், டாக்டர் காலை நடைக்குக் கிளம்பிவிட்டாராம்.

“நீங்களும் அவங்க கூட்டத்தோட சேர்ந்துக்குங்க மேடம். நடந்துக்கிட்டே பேசிக்கலாம்.”

கூட்டம் என்றால் கழுத்தில் தொலைநோக்கி மாட்டிய பத்துப் பன்னிரண்டு பேர். ரேணுகா வாயைத் திறந்தபோதெல்லாம் அவர்களில் ஒருவராவது உதட்டில் விரலை வைத்து “ஷ்ஷ்” என்றார். முன்னால் ரப்பர் பூட்ஸும் துணித்தொப்பியுமாக டாக்டர் பெனாசிர் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். யாரையும் அவசரப்படுத்தாத நடை. அந்த நடையே ரேணுகாவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நீண்ட மண்மேட்டின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். சிப்பாய்கள் சுட்ட தோட்டாக்களைத் தாங்குவதற்காக எழுப்பிய மேடு. அது முழுக்கத் துளைகள். பச்சை நிறத்தில் குட்டிப் பறவைகள் துளைக்குள் புகுவதும் வெளியே பாய்வதுமாக இருந்தன.

“பஞ்சுருட்டான். மண்சுவத்துல பொந்து தோண்டிக் கூடு வைக்கும்” என்றார் பெனாசிர் மெல்லிய குரலில். “இங்க பாதி வேலையைத் துப்பாக்கியே செஞ்சு வச்சிருக்கு.”

கூட்டம் ரசித்துச் சிரித்தது. ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் படமெடுப்பதில் மும்முரமான சமயம் பார்த்து முன்னால் போய் நின்றாள்.

“மேடம், உங்க புல்லு எங்க குடியிருப்புக்குள்ள வருது. அதை நிறுத்துங்க.”

“காத்தை நிறுத்தச் சொல்றீங்களா?”

“எப்படியோ செய்யுங்க. எங்க புல்வெளி பூரா அம்மைத் தழும்பு மாதிரி சிவப்புச் சிவப்பா இருக்கு. இங்க வெடிமருந்தைக் குடிச்ச புல்லோட விதை அங்க வந்து…”

பெனாசிர் கையைத் தூக்கி நிறுத்தினார். “விதை எதையும் தூக்கிட்டு வராது மேடம். எங்க முளைக்குதோ அந்த மண்ணுல இருந்தாத்தான் சிவக்கும்.” கொஞ்சம் தயங்கி, “நீங்க நடந்து வந்தீங்களே, இங்க எங்கயாவது சிவப்பைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

ரேணுகா திரும்பிப் பார்த்தாள். மேட்டிலிருந்து ஏரி வரை, கயிற்றுக்கு இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்துக்கு அதே அகல இலைப் புல். காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. பச்சை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் பச்சை.

“வாசல்கிட்ட ஒரு பாத்தியில சிவப்பா இருந்துச்சே?”

“அது வர்றவங்க போட்டோ எடுத்துக்கிறதுக்காக நாங்களே மருந்து கலந்து வளர்க்கிறது. சிவப்பு இல்லன்னா டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கிறாங்க.” பெனாசிர் சிரிக்கவில்லை. “இந்தக் காடு சுத்தம் மேடம். பட்டாளம் போனதும், குண்டு விழுந்த இடம் பூரா ஆளுயரத்துக்கு மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டாங்க. அதை வெளிய கொண்டுபோய்ச் சலிச்சுப் பார்த்து, சோதனை பண்ணி, அப்புறம் ஒரு கிடங்குல கொட்டி மூடணும்னு காண்ட்ராக்ட். எத்தனை லாரி இங்கிருந்து வெளிய போச்சுன்னு கணக்கு இருக்கு. கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது அதுல பாதிகூட இல்ல.”

“மீதி?”

“உங்க குடியிருப்பு கட்டுறதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். ஏரியின் தாழ்வான ஓரம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று வீடு வாங்கிய புதிதில் ஆட்டோக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டியவர்கள் நல்ல மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள் என்று அவள்தான் அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

“லேசா ரோஸ் கலர் அடிச்சா, மண்ணுல மருந்து கலந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கு அவசரமில்ல” என்றார் பெனாசிர். “வட்டமா, அடர்த்தியா சிவந்தா, அந்த இடத்துல முழுசா ஒண்ணு கிடக்கு.”

“உங்க புல்லு தப்பாச் சொல்லாதா?”

“சொல்லும். கீழ இருந்தும் சில சமயம் பச்சையாவே நிக்கும். கீழ எதுவும் இல்லாம சிவந்ததை இதுவரைக்கும் நான் பார்க்கல.”

ரேணுகாவுக்கு அந்தப் பெண்மீது அசாத்தியக் கோபம் வந்தது. “இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு இங்க நின்னு குருவி காட்டிக்கிட்டிருக்கீங்களா?”

“மேல எழுதிட்டேன் மேடம். அந்த மதிலோட என் அதிகாரம் முடிஞ்சுபோச்சு. தனியார் நிலத்துல, நிலத்துக்காரங்க கேட்டாத்தான் வெடிகுண்டு அகற்றுற படை உள்ள வரும். உங்க சங்கம் கேட்கணும். உங்க சங்கத்துல செயலாளர் யாரு?”

ரேணுகா வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒருவர் “ஷ்ஷ்” என்றார்.

மறுநாளே கூட்டம் கூட்டினாள். கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், வந்திருந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “இதை வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்பதுதான்.

“இத்தனை வருஷமா பிள்ளைங்க அதுல கிரிக்கெட் ஆடுறாங்க. ஏதாவது ஆச்சா?” என்றார் மூன்றாவது மாடி டாக்டர்.

“ஆகலங்கிறதால இல்லன்னு ஆயிடுமா சார்?”

“படைக்காரங்களக் கூப்பிட்டா என்ன ஆகும் தெரியுமா?” என்றார் இன்னொருவர். “எல்லாரையும் காலி பண்ணச் சொல்வாங்க. தோண்டி முடிக்க எத்தனை மாசம் ஆகுமோ. டிவில வந்துடும். அப்புறம் இந்த வீட்டை எந்த மடையன் வாங்குவான்?”

ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த ஷோபனா எழுந்தாள். கணவன் இல்லாதவள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். “என் பொண்ணு படிப்புக்கு இந்த ஃபிளாட்டைத்தான் நம்பியிருக்கேன் ரேணுகா. என்கிட்ட வேற எதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்றவர்களிடமெல்லாம் எரிந்து விழ முடிந்த ரேணுகா, அவள் சொன்னபோது மட்டும் தீர்மான நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சடகோபன் தொண்டையைச் செருமினார். “இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. நான் விசாரிச்சுட்டேன். இதே ஜாதியில இன்னொரு வகை விக்கிறாங்க. சாந்தப் புல்லுன்னு பேரு. பார்க்க அச்சு அசல் அதேதான். ஆனா சிவக்காது. விதைச்சா ரெண்டு மாசத்துல மத்த புல்லை அமுக்கிட்டு மேல வந்துடும்.”

“சிவக்காதுன்னா, கீழ இருக்கிறது போயிடுமா சார்?”

“சிவப்பு போயிடும்மா. நம்ம புகாரே சிவப்பைப் பத்தித்தானே?”

ஓட்டெடுப்பு நடந்தது. கைகள் உயர்ந்தன. ரேணுகா கையைத் தூக்கவில்லை. தீர்மானம் எழுதிக்கொண்டிருந்ததால் தூக்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே நினைக்கவிட்டாள்.

அடுத்த வாரம் விதைக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நடைபாதையின் சிமெண்டுக் கல்லில் நின்றபடியே டிரோனைப் பறக்கவிட்டுக் களைக்கொல்லி தெளித்தார்கள். பிறகு விதை தூவினார்கள். ஒருவர்கூடப் புல்லில் காலை வைக்கவில்லை. அவர்களிடம் யாரும் எதுவும் சொன்னதாக ரேணுகாவுக்குத் தெரியவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குச் சாந்தப் புல் அமோகமாக வந்தது. ஒரே சீராக, விளம்பரப் படத்தில் இருந்ததைவிடப் பச்சையாக. குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் கைதட்டல்கள் குவிந்தன. லிஃப்ட், தண்ணீர், நாய் என்று பழைய தொல்லைகள் திரும்பி வந்தன. ரேணுகாவும் அவற்றில் தன்னை மறக்கப் பார்த்தாள். ஆனாலும் பால்கனியில் துணி காயப்போடும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்ன என்று பிடிபடச் சில நாள் ஆயிற்று. கீழே சத்தம் இல்லை. பந்து வந்து ஜன்னலில் அடித்தது என்று யாரும் அவளுக்குப் போன் செய்து பல நாள் ஆகிவிட்டது.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி காப்புக்காட்டுக்குப் போனாள். சங்கம் என்ன முடிவெடுத்தது என்று பெனாசிரிடம் நேரில் சொல்லிவிடலாம், அந்தப் பெண் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணம். இந்தத் தடவை புளியமரத்தடியில் அவளுக்கு முன்னால் வரிசையே நின்றது. எல்லாம் தெரிந்த முகங்கள்.

உள்ளே போனால் ஏரிக்கரையின் புங்க மரங்களுக்குக் கீழே பாதி ஹரிதா நிவாஸ் உட்கார்ந்திருந்தது. பாய் விரித்து, இட்லி டப்பாவைத் திறந்து, பிளாஸ்கில் காபியோடு. பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். தொலைநோக்கிக்காரர்கள் “ஷ்ஷ்” சொல்லிச் சொல்லிச் சோர்ந்து போயிருந்தார்கள். மூன்றாவது மாடி டாக்டர் தன் மகனுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார். ஷோபனாவும் மகளோடு வந்திருந்தாள். ரேணுகாவைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சடகோபன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா. இங்க காத்து அருமையா இருக்கு.”

“நம்ம புல்வெளியில காத்து வரலையா சார்?”

“அங்க வெயில் ஜாஸ்தி.”

“முன்னாடியும் அதே வெயில்தானே அடிச்சுது? பாப்பா அங்கதானே விளையாடும்?”

அவர் இட்லியைப் பிய்ப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார். பக்கத்துப் பாய்களில் பேச்சு நின்றது. அந்த அமைதியில்தான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம் ரேணுகாவின் காதில் விழுந்தது. பெட்ரோல் எஞ்சின் சத்தம். விட்டு விட்டு, நெருங்கி, விலகி, திரும்ப நெருங்கி.

“அது என்ன சத்தம்?”

“எத்திராஜ்தான். புல்லு வெட்டுறான்” என்றார் சடகோபன். “ஞாயித்துக்கிழமை காலையில வெட்டச் சொல்லியிருக்கேன். யாரும் இல்லாத நேரமாப் பார்த்து…”

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததுபோல.

எத்திராஜ் குடியிருப்பின் தோட்டக்காரர். மறைமலைநகர்ப் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார். செம்பருத்திக்குத் தண்ணீர் விடுவார், குரோட்டன்ஸை வெட்டுவார், போவார். கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. புல்வெளிக்கு இனி யாரும் போக மாட்டார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுச் சமாதானமாகியிருந்த ரேணுகாவுக்கும் இவ்வளவு நாளில் அவர் நினைவு வரவில்லை.

“போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க சார்!”

“இங்க சிக்னல் இல்லையேம்மா. புளியமரத்துக்குப் போய்ப் போட்டாலும் மெஷின் சத்தத்துல அவனுக்குக் கேட்காது.”

ரேணுகா சுற்றிலும் பார்த்தாள். யாராவது எழுந்திருப்பார்கள் என்று நினைத்தாள். டாக்டர் பந்தைத் தேடிக்கொண்டு போனார். ஒருவர், “மெஷின் லேசானதுதாங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்.

“அப்ப நீங்க போய் வெட்டுங்களேன்!” என்று கத்திவிட்டு அவள் ஓடினாள்.

வாசலைத் தாண்டி, சாலையைச் சுற்றிக்கொண்டு, குடியிருப்புக்குள் நுழைந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. எத்திராஜ் புல்வெளிக்கு நட்டநடுவில் இருந்தார். “எத்திராஜ், நிறுத்துங்க!” என்று நடைபாதையின் விளிம்பில் நின்று கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கை ஆட்டினாள். அவரும் சிரித்து, பதிலுக்குக் கை ஆட்டிவிட்டு மெஷினைத் திருப்பினார்.

சிவப்பு எங்கெங்கே இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். வேப்பமரத்துக்கு நேராக ஒன்று. இல்லை, விளக்குக் கம்பத்துக்கு நேராக. எத்தனையோ தடவை மேலேயிருந்து பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். ஒன்றுகூட நிச்சயமாக நினைவில் இல்லை. இப்போது எல்லா இடமும் ஒரே பச்சை.

எத்திராஜ் வெட்டத் தொடங்கிய ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டு போனாள். ஏற்கெனவே மெஷின் ஓடிய இடத்தில் நடந்தால் ஆபத்து குறைவு என்று மூளை சொன்னது. கால் அதை நம்பவில்லை. செருப்புக்கடியில் தரை மெத்தென்று அமுங்கியபோதெல்லாம் அடுத்த அடியை எட்டி வைத்தாள். வெட்டிய புல்லின் வாசனை குப்பென்று அடித்தது. ஒருவழியாக அவரை அடைந்து, கைப்பிடியிலிருந்த சுவிட்சை அவளே அமுக்கி எஞ்சினை நிறுத்தினாள்.

“இன்னா மேடம்? தலைவரு இன்னைக்கே முடிச்சுடணும்னாரு.”

ரேணுகா சொன்னாள். லாரியில் வந்த மண், சிவந்த புல், சாந்தப் புல், ஓட்டெடுப்பு. எத்திராஜ் தன் காலடியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்ட வேண்டிய பாதியை ஒரு தடவை பார்த்தார்.

“இது எல்லாருக்கும் தெரியுமா மேடம்?”

“தெரியும்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

ஆமென்று தலையை ஆட்டினாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. வெட்டிய பட்டையிலேயே அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்தாள். சிமெண்டுக் கல்லில் ஏறியதும் அவர் கம்பத்தில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“மெஷின்?” என்றாள் ரேணுகா.

“அங்கயே கெடக்கட்டும் மேடம். உங்க சங்கத்து மெஷினுதானே? யாருக்கு வோணுமோ அவங்க போய் எடுத்துக்கட்டும்.” மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர் அதன் பிறகு வரவில்லை.

அன்றே ரேணுகா வெடிகுண்டு அகற்றும் படைக்குச் செயலாளர் என்ற முறையில் எழுதி அனுப்பினாள். சங்கம் அவசரக் கூட்டம் போட்டு அவளைப் பதவியிலிருந்து நீக்கியது. தாமதமாக வந்த ஓர் ஐந்தாவது மாடிக்காரரைப் புதிய செயலாளர் ஆக்கினார்கள். லிஃப்டில் அவளோடு ஏறுவதற்கு யாரும் விரும்பவில்லை. ஷோபனா மட்டும் ஒருநாள் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

படை வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. வந்த அதிகாரி நடைபாதையில் நின்று புல்வெளியை நோட்டம் விட்டார்.

“சிவப்பா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. இங்க ஒரே பச்சையா இருக்கே?”

“அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்” என்றார் சடகோபன். பின்னால் குடியிருப்பே திரண்டு நின்றது. “அந்தம்மாவுக்கு ஏதோ மனப்பிராந்தி. இந்த இடத்துல எந்தப் பிரச்சனையும் இல்ல. தாராளமா நடக்கலாம்.”

அதிகாரி தலையசைத்தார். கிளம்பத் திரும்பியவரின் கண் புல்வெளியின் நடுவில் போய் நின்றது. அங்கே புல்வெட்டும் மெஷின் நின்றிருந்தது. கைப்பிடி மழையில் துருவேறியிருந்தது. வெட்டியிருந்த பாதியும் மறுபடி வளர்ந்து சக்கரங்களை மூடியிருந்தது.

“அந்த மெஷின் யாரோடது?”

“சங்கத்தோடது சார்.”

“ரிப்பேரா?”

“இல்ல சார், நல்லாத்தான் ஓடும்.”

“அப்ப ஏன் அங்கயே நிக்குது? யாராவது ஒருத்தர் போய் எடுத்துட்டு வாங்களேன்.”

சடகோபன் மூன்றாவது மாடி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் புதிய செயலாளரைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் தன் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, வண்டியிலிருந்து கருவிகளை இறக்கச் சொன்னார்.